மயில்நீலப் பெயின்ட்

அமீர்பேட், ஹைதராபாத்
12.8.2001

அன்புள்ள வசந்தி,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. தபால்காரர் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், அது எனக்கே நம்பும்படியாக இல்லை. கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. இருந்துவிட்டுப் போ. கோபத்தோடாவது நாலு வரி எழுது. போனில் பேசலாம் என்றால், எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் நிற்கிறவன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். நீ எதிர்வீட்டு அபயாம்பாள் அக்கா வீட்டுக்கு வந்து ரிசீவரை எடுப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அங்கே அக்காவும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அமீர்பேட்டில் ஒரு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். கூட இருக்கிற மூன்று பேரும் கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளைகள். இந்தத் தெருவில் கண்ணை எங்கே திருப்பினாலும் கோர்ஸ் போர்டுதான், மரத்தில்கூட ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். முதல் நாள் ஒருவன் "அங்கிள், நீங்க என்ன கோர்ஸ்?" என்று கேட்டான். பம்பு என்றேன். பாவம், அதற்கப்புறம் என்னிடம் பேசுவதற்கு அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேலை ஜீடிமெட்லாவில். மருந்துக்கு மூலப்பொருள் செய்கிற கம்பெனி. பம்பு ஹவுஸ் என் பொறுப்பு. கோயம்புத்தூரில் இத்தனை வருஷம் பம்பு செய்தவனுக்கு இங்கே என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் வந்தேன். நமக்குப் பம்பு என்றால் தண்ணீர். கசிந்தால் தரை நனையும், அவ்வளவுதான். இங்கே ஓடுவது டொலுவின் போன்ற கரைப்பான்கள். அது கசிந்தால் ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னப் பொறி போதும், கட்டடமே போய்விடும்.

அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டுப்பாடு. தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்பேனர்கூட இரும்பில் கிடையாது, தட்டினால் பொறி வராத உலோகம். மோட்டாருக்குத் தடித்த கூடு உண்டு, உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே எட்டிப்பார்க்காது. பம்பை வெறுமனே ஓடவிடக் கூடாது, சூடேறும். பாலியெஸ்டர் உடுத்தக் கூடாது, பருத்திதான். பெட்டியில் நீ மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை வேலைக்குப் போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வகுப்பில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்கிக் காட்டுவாயே, அதே சமாசாரம் இங்கே ஆளைக் கொல்லும். கரைப்பான் குழாயில் ஓடும்போதே மின்னேற்றம் சேர்கிறது. அது பொறியாகத் தாவாமல் இருக்க, சுவரோரம் ஓடும் செப்புப் பட்டையிலிருந்து ஒரு ஒயர் வரும். அதன் முனையில் உள்ள கிளிப்பைச் சக்கரம் வைத்த பம்பு வண்டியின் போல்ட்டில் கவ்வவைத்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். சேர்ந்ததெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

பிரசாத் என்று ஒரு ஆபரேட்டர் இருக்கிறான். செகந்திராபாத் தமிழன். அவனுடைய கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்தவராம். அவன் கிளிப்பை மாட்டி ஒரு இழு இழுத்துப் பார்ப்பான், பிறகு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். தினமும், ஒவ்வொரு தடவையும். இந்த ஊரில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவன்தான். அதையும் பாதி இந்தியில் பேசுகிறான்.

பதில் போடு.

சௌந்தரராஜன்


கணபதி, கோயம்புத்தூர்
25.8.2001

என்னங்க,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. தபால்காரரைத் திட்ட வேண்டாம்.

அபயாம்பாள் அக்கா நேற்றுகூட, "ஏங்கண்ணு, உங்கூட்டுக்காரரு கம்ப்யூட்டர் வேலைக்குங்களா போயிருக்காரு?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஹைதராபாத் என்றாலே இங்கே எல்லோருக்கும் அதுதான் தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால், பம்பு வேலைக்கா இங்கிருந்து அங்கே போக வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது, அதையும் நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்.

எந்தப் பதில் என்று மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவு வந்த மாதம்தான் உங்கள் ஃபாக்டரியை மூடினார்கள். நான் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியிருப்பேனா? கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், இங்கேயே ஏதாவது அமையும் என்றுதானே சொன்னேன். அன்று ராத்திரி சோறு போட்டு வைத்தேன். நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு, "பொண்டாட்டி சோத்துல உக்காந்து திங்கறக்கு எனக்கு வராது" என்றீர்கள். அந்தச் சோற்றை நான் மறுநாள் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் நீங்கள் ரயில் ஏறிவிட்டீர்கள்.

நான் இத்தனை வருஷம் உங்கள் சோற்றைத்தானே தின்றேன். எனக்கு ஒரு நாளும் கசக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை. உங்கள் மிளகாய்ச் செடி காய்த்திருக்கிறது. பருத்திச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன், பார்சலில் வரும். பருப்புப்பொடியும் வைக்கிறேன். வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வசந்தகுமாரி


அமீர்பேட்
8.10.2001

அன்புள்ள வசந்தி,

சட்டை இரண்டும் அளவாக இருக்கின்றன. பொடியைத் தினமும் போட்டுக்கொள்கிறேன். நீ எழுதியதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்று தட்டைத் தள்ளியது தப்பு என்பது மட்டும் தெரிகிறது. ஆனால் இங்கே ஒரு வேலை, ஒரு சம்பளம் என்று ஆனபிறகுதான் உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியும்போல இருக்கிறது. அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, விட்டுவிடு.

இங்கே ஒரு புதுச் சிக்கல். ஆயுத பூஜை வருகிறது. வருஷா வருஷம் பம்பு ஹவுஸுக்குள்ளேயே பூஜை நடக்குமாம். பம்பு வண்டி முன்னால் சூடம், ஊதுபத்தி, தேங்காய், எல்லாம். எனக்கு முன்னால் இருந்தவர் அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாராம். டிரம்மில் டொலுவினை வைத்துக்கொண்டு சூடம் கொளுத்துகிறார்கள் என்று கேட்டதும், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிரசாத்தான் எல்லோர் சார்பாகவும் பேச வந்தான். "நக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க சார். சால் முழுக்க அதுதானே நம்மளைக் காப்பாத்துது, ஒரு நாள் அதுக்கு சூடம் காட்டினா கைக்கு இவ்ளோ பயம்?" என்றான். நக்கோ என்றால் வேண்டாம், சால் என்றால் வருஷம், கைக்கு என்றால் ஏன், எல்லாம் இந்த ஊர் இந்தி. நான் ஆவி, தீ என்று பாடம் நடத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மேலே இருப்பவர்கள் உள்ளுக்குள் என் பக்கம்தான், ஆனால் ஆட்களிடம் "தமிழ் சார் வேண்டாங்கிறார்" என்று முடித்துவிட்டார்கள்.

அதிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடுகிறது. அறைக்கு வந்தால் பிள்ளைகள் அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் இடிந்த பிறகு இனி விசா கிடைக்குமா என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று முழுக்க என் குரலை நானே கேட்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டதோடு சரி.

நான் செய்தது சரிதான் வசந்தி. சரியாகச் செய்தும் இப்படி இருக்கிறது.

சௌந்தரராஜன்


கணபதி
14.10.2001

என்னங்க,

சூடம் வேண்டாம் என்றது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் லேபிலேயே கேஸ் அடுப்பு மேசை பக்கம் நான் ஊதுபத்தி ஏற்ற விடுவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன விதம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. புருவத்தைத் தூக்கிக்கொண்டு, ஏதோ அவர்கள்தான் தீ வைக்க வந்தவர்கள் மாதிரி சொல்லியிருப்பீர்கள்.

சூடத்தைக் கேட்டுக்கு வெளியே கொளுத்தட்டும். உள்ளே பம்பைக் கழுவித் துடைத்துப் புதுப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். சந்தனம், குங்குமம் வைக்கட்டும், மாலை போடட்டும், அதில் பொறி வராதே. கல்யாணமான வருஷம் உங்கள் ஃபாக்டரிக்கு என்னை ஆயுத பூஜைக்குக் கூட்டிப்போனீர்களே, எல்லா மெஷினும் மயில்நீலத்தில் பளபளவென்று நின்றது. புதுமாப்பிள்ளையான உங்களை விட உங்கள் லேத்துதான் அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அந்த நிறத்தையே வாங்கிக்கொடுங்கள். அவர்களுக்கும் மனசு ஆறும், உங்கள் மேசைக்கும் ஆள் வரும்.

பூஜை வேண்டாம் என்று சொன்ன மனுஷர் என்று பேர் வாங்கிக்கொண்டு அங்கே தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். நான் இங்கே தனியாக இருப்பது போதும்.

தீபாவளிக்கு வருவீர்களா? கேட்கக் கூடாது என்றிருந்தேன், கேட்டுவிட்டேன்.

வசந்தி


அமீர்பேட்
27.10.2001

என் அன்பு வசந்தி,

நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். நீ சொன்னது அப்படியே பலித்தது.

ஜீடிமெட்லா முழுக்க அலைந்து மயில்நீலம் தேடி வாங்கிக்கொடுத்தேன். டப்பாவைப் பார்த்ததும் பிரசாத்தின் முகம் மாறிவிட்டது. நான் வாங்கி வருவேன் என்று அவன் நினைக்கவில்லை. பம்பு ஹவுஸில் கரைப்பானை எல்லாம் வெளியேற்றி, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டு நாள் அடித்தார்கள். பம்பு வண்டி இரண்டையும் பிரசாத் யாரையும் தொடவிடாமல் தானே அடித்தான். இரண்டு கோட்டு. ஒரு போல்ட்டு, ஒரு மூலை விடவில்லை. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அடிப்பக்கத்துக்கும் அடித்தான். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்ததும் எனக்கே ஒரு நிமிஷம் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

சூடத்தைக் கேட்டுக்கு வெளியே என் கையாலேயே காட்டச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பிரசாத்தின் மனைவி சாஹித்யா பிரசவத்துக்கு வரங்கலில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவனே சமைத்துக் கொண்டுவந்தது. காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஹவ் சார், இப்பதான் நீங்க ஹைதராபாத்காரர்" என்று முதுகில் தட்டினான். ஹவ் என்றால் ஆமாம். நான் உன் பருப்புப்பொடியைக் கொடுத்தேன். மீதி இல்லாமல் தீர்ந்துவிட்டது, இன்னும் கேட்கிறார்கள்.

தசராவன்று இங்கே ஜம்மி இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கையில் கொடுத்துக் கட்டிக்கொள்வார்கள். அது நம் வன்னி மரத்து இலைதான். முன்பின் தெரியாத ஆட்கள்கூட வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். சட்டைப்பை நிறைய இலை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை ஒருவர் தொட்டது அன்றைக்குத்தான் என்பது ராத்திரி படுக்கும்போது உறைத்தது. உனக்கு ஒரு இலை இதோடு வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

உன்
சௌந்தரம்


அமீர்பேட்
5.11.2001

வசந்தி,

தீபாவளிக்கு வர முடியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பம்பு ஹவுஸில் தீ. எனக்கு ஒன்றும் இல்லை. கட்டடமும் பிழைத்தது. சீக்கிரம் அணைத்துவிட்டார்கள். பிரசாத்துக்கு இரண்டு கையிலும் தீக்காயம், முகத்திலும் கொஞ்சம். டிரம்மில் டொலுவின் நிரப்பிக்கொண்டிருந்தான். குழாயை டிரம்மின் வாய்க்குக் கொண்டுபோனபோது பொறி. மின்னேற்றம்தான் காரணம். எர்த் கிளிப் தரையில் கிடந்தது. ஆபரேட்டர் மாட்ட மறந்துவிட்டான் என்று ரிப்போர்ட் தயாராகிறது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பார்த்துவிட்டு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்கிறார், அதனால் இப்போது லீவு கிடையாது. வேறு ஒன்றும் கேட்காதே. தீபாவளிக்கு உனக்குப் பிடித்தமாதிரி புடவை எடுத்துக்கொள்.

சௌந்தரராஜன்


கணபதி
10.11.2001

என்னங்க,

கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்காமல் இருந்தால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நமக்குள் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

கிளிப்பை மாட்டி, இழுத்துப் பார்த்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் பிரசாத் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். தினமும், ஒவ்வொரு தடவையும் என்று எழுதினீர்கள். அவனா மறந்தான்?

உங்கள் கடிதங்களைத் தேதி வாரியாக வைத்து மறுபடி படித்தேன். பண்டிகைக் கடிதத்தில், ஒரு போல்ட்டு விடாமல் இரண்டு கோட்டு அடித்தான் என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்து அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு அதன் கீழே கோடு போட்டேன். நான் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கிளிப் கவ்வியது போல்ட்டை இல்லை, பெயின்ட்டை. அவன் மாட்டியிருப்பான். தீயை அணைக்க வண்டியை இழுக்கும்போது கழன்று விழுந்திருக்கும். நான் சொல்வது தப்பு என்றால் நீங்கள் திருத்துங்கள், நான் சந்தோஷப்படுவேன்.

பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள் என்று எழுதியது என் கை. நிறத்தைக்கூட நான்தான் சொன்னேன். அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னிடமிருந்து இதை மறைக்கத்தான் அப்படி மொட்டையாக எழுதினீர்கள் என்றும் புரிகிறது.

முதலில், சும்மா இருந்துவிடுங்கள், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போன அந்தப் பெண்ணின் ஞாபகமாகவே இருந்தது. புருஷன் கவனக்குறைவால் கையைச் சுட்டுக்கொண்டான் என்று காலம் முழுக்க ஊர் சொல்லும், அவளும் நம்பிவிடுவாள்.

சொன்னால் உங்கள் வேலை போய்விடும். வேலை போனால் நீங்கள் வர இந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது, அது என் சம்பளத்தில் நடக்கிற வீடு. உங்களை அங்கே கட்டிப்போட்டிருப்பது அதுதான் என்று எனக்குத் தெரியாதா? என் சோறு உங்களுக்கு அவ்வளவு கசப்பா என்று ஒரு தடவை சுற்றிவளைத்துக் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். அதைத் தின்னாமல் இருப்பதற்காக ஒருவனுடைய பேரைக் கெடுத்துவிடுவீர்களா?

தீபாவளிக்கு நான் புடவை எடுக்கவில்லை.

வசந்தி


அமீர்பேட்
2.12.2001

அன்புள்ள வசந்தி,

நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை.

நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தீ அணைந்த அன்றே இன்னொரு வண்டியில் கிளிப்பை மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. கத்தியால் போல்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டினேன். உடனே முள் ஓடியது. சுரண்டின பெயின்ட்டைத் துடைத்துவிட்டுக் கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு யாரிடமும் பேசாமல் வந்துவிட்டேன். பண்டிகைக்கு அப்புறம் தீ பிடிக்கும்வரை ஓடியதெல்லாம் ஆல்கஹால் வகை, அதில் மின்னேற்றம் தங்காது. அதனால் தப்பித்துக்கொண்டே இருந்தோம். அன்றைக்கு டொலுவின், காற்றும் ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

பெயின்ட் அடிக்கச் சொன்னது தப்பில்லை வசந்தி. அதை நீ சுமக்காதே. அடித்தபிறகு போல்ட்டைச் சுரண்டி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்திருக்க வேண்டும். அது என் வேலை, என் வேலை மட்டும்தான். கோயம்புத்தூரில் மெஷினுக்குப் பெயின்ட் அடித்தால் அழகு, அதோடு முடிந்தது. இங்கே அதோடு முடியாது என்பது தெரிந்தும் நான் பார்க்கவில்லை. எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள் என்கிற சந்தோஷத்தில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பிரசாத்துக்கு இரண்டு கையிலும் கட்டு. சாஹித்யாவுக்கு இன்றோ நாளையோ என்று இருந்ததால் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனுக்கு வேறு யாரும் இல்லை. வேலை முடிந்ததும் நான் போய்ச் சோறு ஊட்டினேன். முதல் நாள் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டான். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நான்தான் மறந்துட்டேன் போல சார். மாட்டின மாதிரிதான் இருக்கு. ஆனா எல்லாரும் மாட்டலைன்னு சொல்றாங்களே" என்றான். நான் அடுத்த கவளத்தை உருட்டினேன். அவனுக்கு ஊட்டிய அந்தக் கையோடு அறைக்கு வந்து உனக்கு அந்த மொட்டைக் கடிதத்தை எழுதினேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வண்டியிலும் மீட்டர் வைத்துக் காட்டினேன். ரிப்போர்ட்டை மாற்றினார்கள். பிரசாத்தின் வைத்தியம் கம்பெனி செலவு, கை ஆறியதும் வேலையும் உண்டு. என்னை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சாவியை ஒப்படைக்கும்போது ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பூஜையால்தான் தீ என்று நான் சொல்லிவிட்டதாகச் சிலருக்குக் கோபம். யாரும் கிட்டே வரவில்லை. பம்பு ஹவுஸிலிருந்து கேட் வரைக்கும் தனியாக நடந்தேன். கேட்டில் வாங்கி வைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாததால் திருப்பித் தருவதற்கும் ஒன்றும் இல்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ மாட்டினாய், போல்ட்டில் பெயின்ட் இருந்தது, நான் பார்க்கவில்லை என்றேன். "மாட்டினேன் இல்ல சார்? நான் மாட்டினேன்" என்று அழுதான். திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதான். அன்றைக்கு நான் கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாளும் அப்படித்தான். நர்ஸ் வந்து ஊட்டிப் பார்த்தாள், அவளிடமும் சாப்பிடவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அறையில் பிள்ளைகளில் இரண்டு பேர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். கட்டில்கள் வெறுமனே கிடந்தன.

மூன்றாம் நாள் நீ மறுபடி அனுப்பிய பொடியில் நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். அவனாகவே திரும்பி வாயைத் திறந்தான். முழுக்கச் சாப்பிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. என் கையால் சாப்பிட உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"முதல் நாளு வெக்கமா இருந்துச்சு சார். அப்புறம் கோபம் வந்துச்சு. இன்னிக்கு பசிக்குது, அவ்ளோதான்" என்றான்.

அதற்குமேல் நான் அங்கே உட்கார முடியாமல் தட்டைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

சாஹித்யாவுக்குப் பெண் குழந்தை. அவளுடைய அண்ணன் நேற்று வந்துவிட்டான், இனி அவன் பார்த்துக்கொள்வான். பிரசாத் என்னிடம் விடைபெறும்போது கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். கண்ணில் ஒற்றிக்கொள்ள விரல் வெளியே தெரியவில்லை, கட்டோடு அப்படியே நெற்றியில் வைத்துக்கொண்டான். அது எனக்கா, சாமிக்கா என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன். அபயாம்பாள் அக்கா கேட்டால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லை, பம்பு வேலைதான், இப்போது அதுவும் இல்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். சோற்றை மட்டும் வடித்து வைத்துவிட்டுப் போ. எனக்குப் பசிக்கிறது.

சௌந்தரம்